மலிவு விலையில் ராணுவ ரேடார் செயற்கைக்கோள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகம் மூடினாலும் இருள் கவிந்தாலும் தரையில் என்ன நிற்கிறது, என்ன ஓடுகிறது என்று விண்ணிலிருந்து பார்த்துச் சொல்லும் ரேடார் செயற்கைக்கோள்கள், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வல்லரசுகளின் கஜானாவுக்கு மட்டுமே கட்டுப்படியானவை. இன்று ஒரு மேசையளவு கருவியைச் சிறிய நிறுவனங்கள் கட்டி விற்கின்றன. விலை எப்படி இறங்கியது, இறங்கியபோது எது கைவிடப்பட்டது என்பது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

கேமரா பொருத்திய உளவுச் செயற்கைக்கோள்கள் இருக்கும்போது ரேடார் எதற்கு?

கேமராவுக்குச் சூரிய வெளிச்சமும் தெளிந்த வானமும் வேண்டும். ஐரோப்பாவின் குளிர்காலத்திலோ நமது பருவமழைக் காலத்திலோ வாரக்கணக்கில் இரண்டும் சேர்ந்து கிடைக்காத இடங்கள் உண்டு. படை நகர்த்த நினைப்பவர்களும் அந்த நாள்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ரேடார் தன் வெளிச்சத்தைத் தானே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. மூன்று சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட நுண்ணலைக்கு மேகம் ஒரு பொருட்டே அல்ல.

அறுநூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு சிறிய ஆன்டெனாவால் அரை மீட்டர் பொருளை எப்படிப் பிரித்துக் காட்ட முடிகிறது?

நேரடியாகப் பார்த்தால் முடியாது. மூன்று மீட்டர் நீள ஆன்டெனாவிலிருந்து கிளம்பும், எக்ஸ் பட்டை எனப்படும் அந்த மூன்று சென்டிமீட்டர் அலையின் கற்றை, அறுநூறு கிலோமீட்டர் தாண்டித் தரையைத் தொடும்போது ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அந்த நிலையில் ஓர் ஊரே ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

ஆனால் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்போதே ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, ஒவ்வோர் எதிரொலியையும் அதன் கட்டத்தோடு (அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதோடு) சேர்த்துப் பதிவுசெய்து, பின்னர் கணினியில் ஒன்றாகக் கோத்தால், ஓடிய தூரம் முழுவதும் ஒரே பெரிய ஆன்டெனாவாக இருந்ததைப் போன்ற பலன் கிடைக்கிறது. இதைத்தான் செயற்கைத் துளை ரேடார் என்கிறோம். இம்முறையில் பறக்கும் திசையிலான பிரிதிறன், ஆன்டெனா நீளத்தில் பாதி என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. தூரத்துக்கு அதில் இடமே இல்லை என்பது முதல்முறை படிப்பவரைத் திகைக்க வைக்கும். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால், ஒரே இடத்தின் மேல் கற்றையைச் சில நொடிகள் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். குறுக்குத் திசையின் பிரிதிறன் அலைவரிசையின் அகலத்தைப் பொறுத்தது: 300 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அரை மீட்டர், 1200 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் என்பது கோளிலிருந்து சாய்வாக அளக்கும் தூரத்தில் கிடைக்கும் கணக்கு, தரையில் அளந்தால் இதைவிடக் கூடும்.

தொடக்கத்தில் ஏன் அவ்வளவு செலவானது?

அமெரிக்கா 1964 டிசம்பரிலேயே குவில் என்ற சோதனை ரேடார் கோளை ஏவிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டது. அந்தச் செய்தி 2012 வரை ரகசியமாகவே இருந்தது. 1978-இல் நாசா ஏவிய சீசாட்டின் ஆன்டெனா பத்து மீட்டருக்கும் மேல் நீளமானது. மூன்றரை மாதத்தில் மின்கோளாறால் அது செயலிழந்தாலும், அதற்குள் வந்த படங்கள் விண்ணிலிருந்து ரேடார் என்னவெல்லாம் காட்டும் என்பதை நிரூபித்தன. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் சுமந்து சென்ற லாக்ராஸ் வகைக் கோள்தான் அமெரிக்காவின் முதல் முழுநேர ராணுவ ரேடார் கோள். அதன் விலை நூறு கோடி டாலர் அளவில் இருக்கும் என்று வெளியார் கணித்தார்கள்.

நூறு கோடி டாலர் கோள் என்றால் மூன்று நான்குக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. சில கோள்களே இருப்பதால் ஒவ்வொன்றும் எல்லா வேலையையும் செய்ய வேண்டும், பத்தாண்டுக்கு மேல் உழைக்க வேண்டும், பழுதே ஆகக்கூடாது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இரட்டைக் காப்பு; அதனால் எடை; எடையால் பெரிய ராக்கெட்; மறுபடியும் விலை. இந்தச் சுழலை உடைக்க நினைத்த திட்டம்தான் டிஸ்கவரர்-2.

டிஸ்கவரர்-2 என்ன ஆனது?

1998-இல் அமெரிக்க விமானப்படையும், பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான தார்பாவும், தேசிய உளவுக்கோள் அலுவலகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. 1991 வளைகுடாப் போரில் ஜேஸ்டார்ஸ் என்ற ரேடார் விமானத்தின் இரண்டு மாதிரிகள் பாலைவனத்தில் ஓடும் இராக்கிய வாகன வரிசைகளைத் திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டியிருந்தன. அதே வேலையை எதிரியின் எல்லைக்கு உள்ளேயும் செய்ய விண்ணுக்குப் போவோம் என்பது எண்ணம். 24 கோள்கள் கொண்ட கூட்டம். ஒன்றின் விலை பத்துக் கோடி டாலருக்குள். முதலில் இரண்டு கோள்களை ஏவிச் சோதனை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. அந்த விலைக்குள் அந்த வேலையை முடிக்க முடியும் என்பதை நம்ப அங்கே ஆள் போதவில்லை.

அதன் வாரிசாக வந்த விண்வெளி ரேடார் திட்டமோ எதிர்த் திசையில் நடந்தது. ராணுவத்துக்கு வேண்டியது, உளவுத்துறைக்கு வேண்டியது, வரைபடக்காரர்களுக்கு வேண்டியது என எல்லாவற்றையும் ஒரே கோளில் ஏற்ற முயன்று, பெயரும் வடிவமும் மாறி, ஒரு கோளும் ஏவாமலே 2008-இல் கைவிடப்பட்டது. ஊருக்கெல்லாம் ஒரே சட்டை தைக்கப் போனவன் கதைதான்.

அப்படியானால் முதலில் மலிவாகச் செய்துகாட்டியவர்கள் யார்?

ஜெர்மானியர்கள். 1999 கொசோவோ போரில் தமக்கென உளவுக்கோள் இல்லாமல் அமெரிக்கா காட்டியதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. பிரேமன் நகரிலுள்ள ஓ.எச்.பி. நிறுவனம் அப்போது விண்வெளித் துறையின் ஜாம்பவான் அல்ல. அது கட்டிய ஐந்து கோள்களும் 2006 டிசம்பர் 19 முதல் 2008 ஜூலை 22 வரை ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து, பழைய கோஸ்மோஸ்-3எம் ராக்கெட்டுகளில் ஏவப்பட்டன. திட்டத்தின் பெயர் சார்-லூப்பே. லூப்பே என்றால் ஜெர்மன் மொழியில் பூதக்கண்ணாடி. மொத்தச் செலவு முப்பத்தைந்து கோடி யூரோ அளவில் அடங்கியது.

எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அன்றைய நவீன ரேடார்களில் நூற்றுக்கணக்கான சிறிய அனுப்பிகள் பதித்த தட்டையான ஆன்டெனா இருக்கும். கற்றையை மின்னணு முறையில், கோளை அசைக்காமலேயே, கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பலாம். ஓ.எச்.பி. அதைத் தொடவே இல்லை. மூன்று மீட்டர் அளவுள்ள ஒரு சாதாரணக் கிண்ணத்தைக் கோளின் உடலோடு அசையாமல் பொருத்தினார்கள். விரிப்பதற்கு மடிப்பு இல்லை, திருப்புவதற்கு மூட்டு இல்லை. ஓரிடத்தை உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் முக்கால் டன் எடையுள்ள கோள் முழுவதுமே உடம்பைத் திருப்பிக்கொள்ளும். இதனால் ஒரு கடப்பில் எடுக்கக்கூடிய படங்களின் எண்ணிக்கை குறைகிறது. பரந்த நிலப்பரப்பை அள்ள முடியாது. ஐந்தரைக்கு ஐந்தரை கிலோமீட்டர் கட்டமாகத்தான் உச்ச நுணுக்கம் கிடைக்கும். ஜெர்மன் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. "இது போதும்" என்று வாங்குபவர் சொல்லத் துணிந்ததுதான் அந்தத் திட்டத்தின் ஆகப்பெரிய சிக்கனம் என்பது என் கணிப்பு. ஐந்து கோள்களும் வடிவமைத்த பத்தாண்டுகளைத் தாண்டி உழைத்தன. அவற்றின் படங்கள் பிரான்சின் ஹீலியோஸ் கேமராக் கோள்களின் படங்களுக்குப் பண்டமாற்றாகவும் கொடுக்கப்பட்டன.

எடை நூறு கிலோவுக்கும் கீழே எப்போது இறங்கியது?

இடையில் இஸ்ரேல் ஒரு படி இறக்கியது. குடைபோல விரியும் வலை ஆன்டெனாவோடு, சுமார் 300 கிலோ எடையில், டெக்சார் 2008 ஜனவரி 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பியது. பத்து ஆண்டு கழித்து, 2018 ஜனவரி 12 அன்று, அதே ஏவுதளத்திலிருந்து பின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனத்தின் முதல் கோள் போயிற்று. எடை 70 கிலோ அளவுதான். ஆல்ட்டோ பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய நிறுவனம் அது.

இதற்குப் பின்னால் ஒரே ஒரு கண்டுபிடிப்பு இல்லை. செல்பேசிக் கோபுரங்களுக்காக வளர்ந்த காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் சிறிய இடத்தில் அதிக வலிமையான துடிப்பைத் தந்தன. கடையில் கிடைக்கும் மின்னணுப் பாகங்களை வாங்கிச் சோதித்துப் பொருத்தினார்கள். ரேடாரை ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள் மட்டும் இயக்கி, மீதி நேரமெல்லாம் மின்கலத்தை நிரப்பினார்கள். சூரியத் தகடுகள் சிறியதாக இருக்க முடிந்ததற்கு அதுவே காரணம். பல கோள்கள் ஒரே ராக்கெட்டைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பயண ஏவுதல் வந்தபோது ராக்கெட் செலவும் இறங்கியது: ஸ்பேஸ்எக்ஸ் 2019-இல் 200 கிலோவுக்குப் பத்து லட்சம் டாலர் என்று விலை அறிவித்தது. 2021 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் போன 143 கோள்களில் மூன்று நாடுகளின் ரேடார் கோள்களும் இருந்தன.

சிறிய கோள்கள் பெரும்பாலும் எக்ஸ் பட்டையையே பயன்படுத்துவது ஏன்?

வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க, விண்வெளி ரேடாரின் ஆன்டெனாவுக்கு ஒரு குறைந்தபட்சப் பரப்பு தேவை. அது அலைநீளத்தோடு நேர்விகிதத்தில் வளரும். 500 கிலோமீட்டர் உயரத்தில் எக்ஸ் பட்டைக்கு ஒரு சதுர மீட்டர் அளவில் காரியம் நடக்கும். நீண்ட அலை கொண்ட எல் பட்டைக்கு எட்டு சதுர மீட்டர் வேண்டும். ஐஸ்ஐயின் தொடக்கக் கோள்களின் ஆன்டெனா 3.2 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் அந்தக் குறைந்தபட்ச எல்லையை ஒட்டியே நிற்பது தெரியும். விலை இதுதான்: எக்ஸ் பட்டை அலை மரத்தழைகளில் பட்டே திரும்பிவிடும். காட்டுக்குள் மறைந்த வண்டியைப் பார்க்க நீண்ட அலை வேண்டும், அதற்குப் பெரிய ஆன்டெனா வேண்டும்.

மலிவான கோள் ஓடும் வாகனத்தைப் பின்தொடருமா?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வழுக்கி விழுகின்றன. நிற்கும் பொருளைப் படம் பிடிப்பதும் நகரும் பொருளைப் பின்தொடர்வதும் இருவேறு வேலைகள்.

படத்தில் நகரும் பொருள் என்ன ஆகிறது என்று முதலில் பார்ப்போம். ரேடார், எதிரொலியின் டாப்ளர் மாற்றத்தை (நகர்வால் அலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றத்தை) வைத்தே ஒரு பொருள் பறக்கும் பாதையில் எங்கே இருக்கிறது என்று முடிவு செய்கிறது. பொருள் தானாகவே ரேடாரை நோக்கி நகர்ந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், பாதைக்குக் குறுக்காக ஓடும் ரயில், அறுநூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ எண்ணூறு மீட்டர் தள்ளி, வயல் நடுவே ஓடுவதுபோல் பதிவாகும். கடலில் கப்பல் ஓரிடத்திலும் அதன் நுரைத்தடம் வேறிடத்திலும் கிடக்கும். அனுபவமுள்ளவர் அந்த இடைவெளியை அளந்தே வேகத்தைக் கணித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. கோள் ஓடும் வேகத்தால் அசையாத நிலமே ரேடாருக்கு நகர்வதாகத் தோன்றுகிறது. மூன்று மீட்டர் ஆன்டெனாவின் கற்றைக்குள் விழும் நிலம், கற்றையின் முன்விளிம்பில் மணிக்கு 130 கிலோமீட்டர் நெருங்குவதாகவும் பின்விளிம்பில் அதே அளவு விலகுவதாகவும் தெரியும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ராணுவ லாரி இந்தப் போலி அசைவுக்குள் மூழ்கிப்போகிறது. ஆன்டெனாவைப் பன்னிரண்டு மீட்டராக நீட்டினால் அந்த அளவு முப்பத்தைந்துக்கு இறங்கும். அதோடு ஆன்டெனாவைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பதிவையும் ஒப்பிட்டு நிலத்தைக் கழிக்க வேண்டும். நீண்ட ஆன்டெனா, பல வாங்கிகள், நிறுத்தாத மின்சாரம் எல்லாம் சேர்ந்தால் மறுபடியும் டன் கணக்குக்குப் போய்விடுவோம். கனடாவின் ரேடார்சாட்-2 ஆன்டெனாவை இரண்டாகப் பிரித்து இதைச் சோதனை முறையில் செய்தது. ஆனால் அது இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கோள்.

எத்தனை கோள்கள் இருந்தால் போதும்?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. 500 கிலோமீட்டர் உயரக் கோள் 95 நிமிடத்தில் உலகைச் சுற்றினாலும், பூமி அடியில் சுழல்வதால் ஒரு குறிப்பிட்ட ஊரை நாளுக்கு ஓரிரு முறையே, அதுவும் சில நிமிடங்களே பார்க்கும். விமானதளத்தில் எத்தனை போர்விமானங்கள் நிற்கின்றன, பாலம் இருக்கிறதா இடிந்ததா என்பதற்கு ஐந்தாறு கோள்கள் போதும். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் நிலையில், மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகும் வாகன வரிசை இடையில் 240 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். இரண்டு படத்திலும் இருப்பது அதே வரிசைதானா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தொடர்ந்து பின்தொடர நிமிடக் கணக்கில் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்குப் பல பத்துக் கோள்கள் தேவை.

படத்தைப் பார்த்தால் சாதாரண மனிதருக்குப் புரியுமா?

கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் தூவிய மணல்தாள்போல இருக்கும். அமைதியான நீர் கரியாகத் தெரியும், ஏனெனில் அலை அதில் பட்டு அப்பால் தெறித்துவிடுகிறது. கம்பிவேலி, மின்கோபுரம், கூரை மடிப்பு ஆகியவை பளிச்சிடும். உயரமான கட்டடம் ரேடார் இருக்கும் பக்கம் சரிந்து விழுந்தாற்போல் கிடக்கும். டாங்கி என்பது ஐந்தாறு வெள்ளைப் பொட்டுகளும் பின்னால் ஒரு சிறு கரிய நிழலும்தான். பழகிய கண் அந்த நிழலின் நீளத்தைத்தான் முதலில் பார்க்கும்.

ஒரே பாதையிலிருந்து வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை அலையின் கட்டத்தோடு சேர்த்து ஒப்பிட்டால் வேறொன்று வெளிப்படும். இடையில் மணல் சற்றே கலைந்திருந்தாலும் அந்த இடம் இருண்டுவிடும். வண்டியே இல்லாத பாலையில், நேற்றிரவு அது போன சக்கரத்தடம் இரண்டு கோடுகளாகத் தெரியும்.

ரேடாரை ஏமாற்ற முடியாதா?

முடியும். மூன்று உலோகத் தகடுகளை மூலைபோல இணைத்த பிரதிபலிப்பான், தன் அளவுக்கு மீறிய எதிரொலியைத் தரும். 2022-இல் உக்ரைனின் கெர்சோன் அருகே அந்தோனிவ்கா பாலத்தையொட்டி ரஷ்யப் படையினர் அத்தகைய கூம்புகளை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். அதே அலைவரிசையில் தரையிலிருந்து இரைச்சல் அனுப்பினால் படத்தில் பட்டைபட்டையாகக் கறை விழும்; கறை விழுந்த இடத்தை வைத்து இரைச்சல் கருவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் நடக்கிறது.

உக்ரைன் மக்கள் நன்கொடையில் ரேடார் கோள் வாங்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2022 ஜூனில் உக்ரைன் தொலைக்காட்சிப் பிரபலம் செர்ஹி பிரித்துலாவின் அறக்கட்டளை துருக்கியின் பைரக்தார் டிரோன்கள் வாங்கச் சில நாள்களில் சுமார் 60 கோடி ஹிரிவ்னியா திரட்டியது. டிரோன்களைச் செய்யும் நிறுவனம் பணம் வேண்டாம், இலவசமாகவே தருகிறோம் என்றுவிட்டது. கையில் நின்ற பணத்தில் அறக்கட்டளை ஆகஸ்டில் ஐஸ்ஐயிடமிருந்து, சுற்றுப்பாதையில் ஏற்கெனவே இருந்த ஒரு கோளின் திறனை உக்ரைன் அரசின் பயன்பாட்டுக்கு வாங்கியது. மற்றக் கோள்களின் படங்களைப் பெறும் உரிமையும் உடன் கிடைத்தது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல ஊர் கூடி உளவுக்கோள் வாங்குவது, லாக்ராஸ் காலத்தில் எவரும் கற்பனை செய்திராதது.

இந்தியாவின் நிலை என்ன?

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, இஸ்ரேலில் செய்யப்பட்ட 300 கிலோ ரிசாட்-2 அவசரமாக 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. அதே ராக்கெட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட்டும் போனதால், தமிழ்நாட்டில் பலருக்கு அந்த ஏவுதல் வேறு காரணத்துக்காக நினைவிருக்கிறது. இஸ்ரோ சொந்தமாகச் செய்த ரிசாட்-1, 1858 கிலோ எடையில், எக்ஸ், எல் பட்டைகளுக்கு இடைப்பட்ட சி பட்டையில், 2012-இல் சென்றது. 2019-இல் வந்த ரிசாட்-2பி 615 கிலோதான், 3.6 மீட்டர் விரி ஆன்டெனாவும் எக்ஸ் பட்டையும் கொண்டது. 2025 மே 18 அன்று இ.ஓ.எஸ்-09 என்ற ரேடார் கோள், ராக்கெட்டின் மூன்றாம் நிலைக் கோளாறால் இழக்கப்பட்டபோது, ஒரே கூடையில் நிறைய முட்டை வைப்பதன் விலை மறுபடி தெரிந்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 52 கண்காணிப்புக் கோள்களுக்கான திட்டம் 26,968 கோடி ரூபாய் மதிப்புள்ளது. அவற்றில் 31 கோள்களைத் தனியார் நிறுவனங்கள் கட்டும்.

மலிவில் எது முதலில் கெடுகிறது?

விரிய வேண்டியது விரியாமல் போவது. ஜெர்மனியின் அடுத்த தலைமுறையான சாரா வரிசையில், 2023 டிசம்பரில் ஏவிய இரண்டு கோள்களின் ஆன்டெனாக்களும் சுற்றுப்பாதையில் விரிந்து கொடுக்கவில்லை. அசையாத கிண்ணத்தோடு ஐந்துக்கு ஐந்து வென்ற அதே ஓ.எச்.பி. கட்டியவைதாம் அவை. அடுத்தது ஆயுள். அமெரிக்காவின் கபெல்லா நிறுவனத்தின் சில கோள்கள், சூரியச் செயல்பாடு கூடி மேல்வளிமண்டலம் தடித்ததால், எதிர்பார்த்ததைவிட விரைவில் 2023-இல் கீழே இறங்கி எரிந்தன. சிறிய கோள் நான்கைந்து ஆண்டில் முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, மாற்றுக் கோளின் செலவையும் முதல் நாளே கணக்கில் எழுத வேண்டும்.

சொந்தமாகக் கோள் வாங்குவதா, படத்தை மட்டும் விலைக்கு வாங்குவதா?

அமைதிக் காலத்தில் படம் வாங்குவதே சிக்கனம். போர்க் காலத்தில் அதே நிமிடத்தில் அதே கோளை வேறொருவரும் கேட்பார். எந்த இடத்தைப் படமெடுக்கச் சொன்னீர்கள் என்பது விற்பவருக்கும் அவருடைய அரசுக்கும் தெரிந்திருக்கும். போலந்து 2025-இல் ஐஸ்ஐயிடம் படச்சந்தாவோடு நிற்காமல் கோள்களையே வாங்க ஒப்பந்தம் போட்டது. எந்த வழியில் போனாலும் தரைநிலையமும், படம் படிக்கத் தெரிந்த ஆட்களும் சொந்தமாக இருந்தாக வேண்டும். அந்த ஆட்களைத் தயாரிக்க ஆகும் ஆண்டுகள், இன்று ஒரு கோளைக் கட்ட ஆகும் மாதங்களைவிட அதிகம்.